60 டெஸ்ட், 7 சிவப்பு எழுத்து: ஃபுல் பொடி பக்கேஜ் ரிப்போர்ட்டுக்குள்ள என்னதான் கிடக்கு

யாழ்ப்பாணத்தில இப்ப ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கு. ரொறன்ரோவில இருக்கிற மகன் ஃபோனிலயே அம்மா அப்பாவுக்கு "ஃபுல் பொடி செக்கப்" புக் பண்ணுறார். அடுத்தநாள் காலமை கொக்குவிலிலயோ கரவெட்டியிலயோ படலையடியில ஒரு பெடியன் மோட்டச்சைக்கிளில வந்து நிண்டு ரத்தம் எடுத்துக்கொண்டு போறான், ஒண்டு ரெண்டு நாளில வட்ஸ்அப்பில பிடிஎஃப் வருது. அது முதல் போறது மகனுக்கு, பேந்து குடும்பக் குரூப்புக்கு, கடைசியாத்தான் டொக்டருக்கு, சிலவேளை டொக்டரிட்ட போறதே இல்லை. 60 வரி, அதில 7 சிவப்பு, சிலதுக்குப் பக்கத்தில எச் (கூட), சிலதுக்கு எல் (குறைய). அண்டைக்கு இரவு லண்டனும் பாரிஸும் சூரிச்சும் நித்திரை கொள்ளாது.

டொக்டர் துண்டு எழுதித் தராம நாங்களே காசு கட்டி எடுக்கிற ரத்தப் பரிசோதனைதான் இது. எங்கட ஊரில மட்டும் இல்லை, அமெரிக்காவில ஃபங்ஷன் ஹெல்த் எண்டு ஒரு கம்பனி வருசத்துக்கு 499 டொலர் எண்டு தொடங்கி 100க்கு மேல டெஸ்ட் செய்துது, இங்கிலாந்தில விரல்ல குத்தி தபாலில அனுப்புற பெட்டியளே விக்கினம். இந்தியாவில தைரோகெயார் எண்ட கம்பனியை 1996இல தொடங்கினது கோயம்புத்தூர்ப் பக்கத்து தமிழர் வேலுமணி, கனக்க சாம்பிள் சேர்த்து ஒரே இடத்தில மெஷினில போட்டா ஒரு டெஸ்டின்ர விலை விழும் எண்டதுதான் அவற்ற கணக்கு, அது சரியான கணக்குத்தான். பக்கேஜ் மலிவா இருக்கிறதுக்குக் காரணம் அதுதான், மோசடி ஒண்டும் இல்லை. சிக்கல் வாறது ரிப்போர்ட்டை வாசிக்கிற இடத்தில.

## 60 எண்ட கணக்கு எங்கயிருந்து வருது

60 டெஸ்ட் எண்டா 60 தரம் வேற வேற சோதனை செய்யிறதில்லை. எடுக்கிறது மூண்டு நாலு ரியூப் ரத்தம்.

1. நாவல் மூடி ரியூப்: எஃப்பிசி எண்டுற முழு ரத்த எண்ணிக்கை. மெஷின் ஒருக்கா உறிஞ்சினாலே 20 வரி வரும், ஹீமோகுளோபின், வெள்ளை அணு, பிளேட்லெட், சிவப்பு அணுவின்ர பருமன் எண்டு. ரெண்டு மூண்டு மாசத்துச் சீனியைக் காட்டுற எச்பிஏ1சியும் இந்த ரியூப்பிலதான்.
2. சாம்பல் மூடி: சீனிக்கு. இதுக்குள்ள இருக்கிற மருந்து, ரத்த அணு சீனியைச் சாப்பிட்டு முடிக்காம தடுக்கும்.
3. சிவப்பு அல்லது மஞ்சள் மூடி: கொலஸ்ட்ரோல், ஈரல், சிறுநீரகம், தைரொயிட், விற்றமின் எல்லாம்.

இதில கன வரி அளந்து வாறதே இல்லை, கணக்குப் போட்டு வாறது. எல்டிஎல் எண்டுற கெட்ட கொலஸ்ட்ரோலை கனக்க லாப் நேரா அளக்கிறதில்லை, மொத்தக் கொலஸ்ட்ரோலில இருந்து எச்டிஎல் எண்டுற நல்ல கொலஸ்ட்ரோலைக் கழிச்சு, ட்ரைகிளிசரைட் எண்டுற கொழுப்பை 5ஆல பிரிச்சு அதையும் கழிச்சுப் போடுறது, ஃப்ரீட்வால்ட் எண்டவர் 1972இல போட்ட சூத்திரம். ட்ரைகிளிசரைட் 400ஐத் தாண்டினா அந்தச் சூத்திரம் வேலை செய்யாது. அதோட "ரேஷியோ" எண்டு நாலைஞ்சு வரி வரும், ரெண்டு இலக்கத்தை ஒண்டால ஒண்டு பிரிச்சது, கல்குலேட்டர் இருந்தா நீங்களே செய்யலாம். ஒரு கொலஸ்ட்ரோல் கூடினா அதோட சேர்ந்த மூண்டு வரியும் சிவப்பாகும், ஏழு சிவப்பு எண்டு பயப்பிட முதல் அதில எத்தனை ஒரே விசயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுது எண்டு பாருங்கோ.

## நோர்மல் எண்டா என்ன

ரிப்போர்ட்டின்ர வலப்பக்கத்தில ஒரு வீச்சு போட்டிருக்கும், இதில இருந்து இது வரைக்கும் எண்டு. அதை எப்பிடி எடுக்கிறது? சுகமா இருக்கிற கொஞ்ச ஆக்களின்ர ரத்தத்தை எடுத்து அளந்து, வரிசையா அடுக்கி, நடுவில இருக்கிற 95 வீதத்தை "நோர்மல்" எண்டு வைக்கிறது. மேல 2.5 வீதம், கீழ 2.5 வீதம் வெளிய. அந்த வெளிய போன ஆக்களும் வருத்தம் இல்லாத ஆக்கள்தான், அதை மறக்கக் கூடாது. அதாவது ஒரு வருத்தமும் இல்லாத 20 பேரை எடுத்தா, ஒரு டெஸ்டில சராசரியா ஒராள் வெளிய நிப்பார், வீச்சை அப்பிடித்தான் வெட்டியிருக்கு.

இப்ப ஒரே ஆளுக்கு 20 டெஸ்ட் செய்யிறம் எண்டு வையுங்கோ. ஒவ்வொண்டிலயும் உள்ளுக்க நிக்கிற சந்தர்ப்பம் 95 வீதம், 0.95ஐ 20 தரம் பெருக்கினா 0.36 வரும். அப்ப ஒண்டாவது சிவப்பு வாற சந்தர்ப்பம் 64 வீதம். 60 டெஸ்ட் எண்டா 95 வீதம், சராசரியா 3 சிவப்பு. கணக்குப்படி இது டெஸ்டுகள் ஒண்டோட ஒண்டு சம்பந்தம் இல்லாம இருந்தாத்தான், உண்மையில கன வரி சொந்தக்காரர் மாதிரி சேர்ந்து ஏறி இறங்கும், அதால ஒண்டாவது சிவப்பு வாற நிஜச் சந்தர்ப்பம் கொஞ்சம் குறையும். ஆனா விசயம் மாறாது: முழுக்க முழுக்க சுகமான மனுசனுக்கு 60 வரியும் கறுப்பில வாறதுதான் அபூர்வம்.

ஆனா எல்லா வீச்சும் இப்பிடி எடுத்தது இல்லை, இதுதான் கனபேர் தவறவிடுறது. சீனிக்கும் கொலஸ்ட்ரோலுக்கும் போடுற எல்லை வேற வகை. இந்த அளவுக்கு மேல போனா கண், சிறுநீரகம், இதயம் பழுதாகிற ஆபத்து கூடுது எண்டு ஆயிரக்கணக்கான ஆக்களை வருசக்கணக்கா பாத்து வைச்ச கோடு அது. வெறும் வயித்துச் சீனி 126, எச்பிஏ1சி 6.5 எண்டுறதெல்லாம் அப்பிடி வந்த கோடு. அதால குளோபுலின் எண்டுற ரத்தப் புரதம் கொஞ்சம் கூடினதும் சீனி 126ஐத் தாண்டினதும் ஒரே சிவப்பில வந்தாலும் ரெண்டும் ஒண்டில்லை. ரிப்போர்ட் அடிக்கிற கொம்பியூட்டருக்கு அந்த வித்தியாசம் தெரியாது, அது கோட்டைத் தாண்டினா சிவப்பு அடிக்கும், அவ்வளவுதான்.

(ஒரு இடைச்செருகல். மானிப்பாயில 1848இல வைத்தியம் தொடங்கின அமெரிக்க மிஷன் டொக்டர் சாமுவேல் கிறீன், 1860களிலயே மாணவருக்கு தமிழில மருத்துவம் படிப்பிச்சவர், தமிழில மருத்துவப் புத்தகமும் போட்டவர். 150 வருசத்துக்குப் பிறகு அதே மானிப்பாயில இருக்கிற அம்மாவின்ர ரிப்போர்ட்டில தேடினாலும் ஒரு தமிழ் எழுத்து இல்லை.)

## ரத்தம் மெஷினுக்குப் போக முதலே நடக்கிற பிழையள்

லாப் பிழை எண்டா மெஷின் பிழை எண்டுதான் சனம் நினைக்கும். மெஷின் இப்ப பெரும்பாலும் நல்லாத்தான் வேலை செய்யுது, கூடுதலான பிழை நடக்கிறது அதுக்கு முதல், வீட்டிலயும் வழியிலயும்.

1. சாப்பாடு. வெறும் வயித்துச் சீனிக்கு 8 மணித்தியாலம் போதும். கொலஸ்ட்ரோலுக்கு பட்டினி கட்டாயம் எண்டுறதையே 2016இல ஐரோப்பிய நிபுணர்கள் கைவிட்டிட்டினம், ட்ரைகிளிசரைட் கூடின ஆக்களுக்கு மட்டும் பட்டினியோட திரும்பப் பாக்கச் சொல்லினம். முதல்நாள் இரவு நண்டும் கணவாயும் போட்டு கூழ் காய்ச்சிக் குடிச்சா, அதோட ரெண்டு போத்தல் கள்ளும் போனா, ட்ரைகிளிசரைட்டும் யூரிக் அசிட்டும் ஏறித்தான் நிக்கும். மற்றப் பக்கம் கந்தசட்டி விரதம் பிடிச்சு ஆறு நாள் பாலும் பழமுமா இருந்த ஆளின்ர ரிப்போர்ட்டும் அவற்ற வழமையான உடம்பைக் காட்டாது. சீனிக்கு இன்சுலினோ குளிசையோ எடுக்கிற ஆக்கள் "நல்லா வரட்டும்" எண்டு 14 மணித்தியாலம் பட்டினி கிடக்கிறது ஆபத்து, சீனி இறங்கி மயங்கி விழுந்திடுவினம். தண்ணி தாராளமாக் குடிக்கலாம், பால்தேத்தண்ணி கூடாது.

2. உடம்பு வேலை. முதல்நாள் வெங்காயத் தோட்டம் கொத்தின ஆளுக்கோ, ஜிம்முக்குப் புதுசாப் போன பெடியனுக்கோ ஏஎஸ்டி எண்டுற வரி கூடும். அது ஈரலில மட்டும் இல்லை, தசையிலயும் இருக்கிற நொதி. ஈரல் பழுது எண்டு நினைச்சு குடிக்காத மனுசன் வீட்டில பேச்சு வாங்கினதும் உண்டு. ஆட்டிறைச்சிக் கறி சாப்பிட்டு கொஞ்ச நேரத்தில ரத்தம் குடுத்தா சிறுநீரகத்துக்குப் பாக்கிற கிரியேட்டினினும் கொஞ்சம் ஏறும்.

3. நேரமும் வெக்கையும். சாம்பல் மூடி இல்லாத ரியூப்பில ரத்தத்தைப் பிரிக்காம வைச்சா, மணித்தியாலத்துக்கு 5 இல இருந்து 7 வீதம் சீனி குறைஞ்சுகொண்டே போகும், வெக்கையில இன்னும் கெதியா. 110 இருந்த சீனி மூண்டு மணித்தியாலம் மோட்டச்சைக்கிள் பையுக்குள்ள ஊர் சுத்தினா 90 எண்டு வரும். இந்தப் பிழை மோசமானது, ஏன் எண்டா சிவப்பு வராது, எல்லாரும் சந்தோசப்பட்டு கேசரி கிண்டுவினம்.

4. உடைஞ்ச அணு. மெல்லிய ஊசியால கஸ்ரப்பட்டு இழுத்தாலோ, சாம்பிள் குலுங்கினாலோ சிவப்பு அணு உடையும். அதுக்குள்ள இருக்கிற பொட்டாசியம் வெளிய வந்து ரிப்போர்ட்டில 6.2 எண்டு நிக்கும், அது உண்மையெண்டா இதயத் துடிப்பைக் குழப்பக்கூடிய அளவு. ஒராள் கதிரையில இருந்து சிரிச்சுக் கதைச்சுக்கொண்டிருக்கேக்க பொட்டாசியம் 6.2 எண்டு வந்தா அண்டைக்கே திரும்ப எடுத்துப் பாக்கிறதுதான் முறை. வீட்டில வைச்சு யோசிக்கிற விசயம் இல்லை அது, சிறுநீரக வருத்தம் உள்ள ஆளுக்கு அது நிஜமாவும் இருக்கலாம்.

5. பிளேட்லெட் கட்டிபடுறது. கார்த்திகை மார்கழி மழையோட டெங்கு வாற காலத்தில 60,000 பிளேட்லெட் எண்டு பாத்தா ஆருக்கும் நெஞ்சு இடிக்கும். சிலருக்கு நாவல் மூடி ரியூப்பில இருக்கிற மருந்துக்கே பிளேட்லெட் ஒண்டோட ஒண்டு ஒட்டிக் கட்டியாகும், மெஷின் கட்டியை எண்ணாது. கண்ணாடித் துண்டில ரத்தத்தைப் பூசி நுணுக்குக்காட்டியில பாத்தா தெரிஞ்சிடும். காய்ச்சல் இருந்தா இந்தக் கதையை நம்பி வீட்டில இருக்காதேங்கோ, காய்ச்சலோட பிளேட்லெட் குறைஞ்சா அது டெங்கு எண்டுதான் முதல் நினைக்கோணும். காய்ச்சல் மாறின கையோட "செக்கப்" செய்யிறதும் சரியில்லை, ஃபெரிட்டின் (உடம்பில சேமிச்ச இரும்பைக் காட்டுற வரி), ஈரல் நொதி எல்லாம் இன்னும் இறங்கி முடிஞ்சிராது.

6. தலைமயிர்க் குளிசை. பயோட்டின் எண்டுற விற்றமின், மயிர் கொட்டுறதுக்கும் நகத்துக்கும் எண்டு கனபேர் போடுறது. சில லாப் முறையளில அது டிஎஸ்எச் எண்டுற, தைரொயிட்டைத் தூண்டுற ஹோமோனைப் பொய்யாக் குறைச்சு, தைரொயிட் ஹோமோனைப் பொய்யாக் கூட்டிக் காட்டும், தைரொயிட் தாறுமாறா வேலை செய்யிற மாதிரி. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2017இல இதுக்கு எச்சரிக்கையே விட்டது. ரெண்டு நாளைக்கு முதலே நிப்பாட்டிப்போட்டு ரத்தம் குடுக்கோணும்.

யாழ்ப்பாணத்தில இருக்கிற சில கிளையள் ரத்தம் எடுக்கிற இடம் மட்டும்தான், அரிதான டெஸ்டுகள் கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர் ஓடி கொழும்புக்குப் போகும். போறது பிழையில்லை, பிரிச்சு, குளிராக்கி, முறையா அனுப்பினாச் சரி. எங்க வைச்சுப் பாக்கிறியள், எத்தனை மணிக்குப் பிரிக்கிறியள் எண்டு கேக்கிறதில வெக்கம் வேண்டாம்.

## எங்கட 108ம் அவையின்ர 6ம்

குடும்பக் குரூப்பில வாற சண்டையில அரைவாசி இதால. கனடா அண்ணர் "எனக்கு சீனி 6 தான், அம்மாக்கு ஏன் 108" எண்டு கேப்பார். ரெண்டும் ஒரே சீனிதான்.

1. சீனி: இலங்கையில மில்லிகிராம், கனடாவிலயும் இங்கிலாந்திலயும் மில்லிமோல். அங்கத்தை இலக்கத்தை 18ஆல பெருக்கினா எங்கட இலக்கம். 6 எண்டா 108, 7 எண்டா 126.
2. பிரான்சில லீற்றருக்கு எத்தனை கிராம் எண்டு போடுவினம். லாஷப்பலில இருக்கிற சித்தப்பா 1.26 எண்டு சொன்னா அது எங்கட 126.
3. கொலஸ்ட்ரோல்: மில்லிமோலை 38.7ஆல பெருக்கோணும். லண்டனில 5 எண்டா இங்க 193. ட்ரைகிளிசரைட்டுக்கு மட்டும் 88.5, அதைச் சேர்த்துக் குழப்பாதேங்கோ.
4. கிரியேட்டினின்: வெளிநாட்டு இலக்கத்தை 88.4ஆல பிரிக்கோணும். அங்க 80 எண்டா இங்க 0.9. "எனக்கு 80, அப்பாக்கு 1.6, அப்பா எவ்வளவு நல்லம்" எண்டு நினைச்சா கதை முடிஞ்சுது, அப்பாவின்ர 1.6 அவையின்ர கணக்கில 141.
5. எச்பிஏ1சி: கடைசி ரெண்டு மூண்டு மாசத்து சீனியின்ர சராசரி, சிவப்பு அணு 120 நாள் உயிரோட இருக்கிறதால அதில ஒட்டின சீனியை அளக்கிறது. இங்கயும் கனடாவிலயும் வீதத்தில, இங்கிலாந்தில வேற அலகில. லண்டன் 48 எண்டா 6.5 வீதம், அதாவது சீனி வருத்தம் எண்டு சொல்லுற கோடு. 42 எண்டா 6 வீதம்.

கோடும் நாட்டுக்கு நாடு கொஞ்சம் வேற. அமெரிக்கக் கணக்கில 5.7 வீதத்தில இருந்தே சீனி வருத்தத்துக்கு முந்தின கட்டம், இங்கிலாந்தில 6 இல இருந்துதான். அதால 5.8 எடுத்த ஒராள் நியூயோர்க்கில முந்தின கட்டம், லண்டனில நோர்மல், சுன்னாகத்தில எந்த லாப் தாளில அடிச்சது எண்டுறதைப் பொறுத்தது.

எச்பிஏ1சியிலயும் ஒரு வில்லங்கம் கிடக்கு. இரும்புச்சத்துக் குறைஞ்ச ஆக்களுக்கு அது இல்லாத அளவுக்குக் கூடக் காட்டும், மாதவிலக்குக் கூடப் போற பெண்களுக்கு இது சாதாரணமா நடக்கும். அண்மையில கன ரத்தம் இழந்த ஆக்களுக்கும் சிவப்பு அணு கெதியா அழியிற வருத்தக்காரருக்கும் குறையக் காட்டும். ஹீமோகுளோபின் வரியைப் பாக்காம எச்பிஏ1சி வரியைத் தனிய வாசிக்கக் கூடாது.

## குறிஞ்சா வேலை செய்ததா

முதல் ரிப்போர்ட்டில கொலஸ்ட்ரோல் 228. பிள்ளை சொல்லி அம்மா ஆறு கிழமை குறிஞ்சா இலை வறையும் வெந்தயத் தண்ணியும். ரெண்டாவது ரிப்போர்ட் 209. குரூப்பில கைதட்டு.

குறிஞ்சா இலையில எனக்கு ஒரு கோவமும் இல்லை, சோத்தோட நல்ல ருசி. ஆனா இந்த 19ஐ இலைக்கு எழுதுறது அவசரம். ஒரே ஆள், ஒரே சாப்பாடு, ஒரே லாப், கொலஸ்ட்ரோல் தன்பாட்டில கிட்டத்தட்ட 6 வீதம் மேல கீழ ஆடும். ட்ரைகிளிசரைட்டும் டிஎஸ்எச்சும் 20 வீதமளவில ஆடும். டிஎஸ்எச் இரவில கூடி பகலில இறங்கும், காலமை 7 மணி ரத்தமும் பின்னேரம் 3 மணி ரத்தமும் வேற வேற. அதோட இன்னொண்டு, நாங்கள் திரும்ப டெஸ்ட் செய்யிறது கூடி வந்தாத்தான், நோர்மலா வந்ததை ஆரும் திரும்பச் செய்யிறதில்லை. தற்செயலா உச்சத்தில நிண்ட ஒரு இலக்கத்தைப் பிடிச்சு திரும்ப அளந்தா அது பெரும்பாலும் இறங்கித்தான் நிக்கும், குறிஞ்சா குடுத்தாலும் குடுக்காட்டியும். வியாபாரத்துக்கு வாற பொடி, கசாயம், விலை கூடின சப்ளிமென்ட் எல்லாத்தின்ர "முன்னுக்கு-பின்னுக்கு" ரிப்போர்ட் விளம்பரமும் நிக்கிறது இந்தப் பலகையில.

## ஒரு சிவப்பு, பேந்து அடுத்தது

பக்கேஜ் பெரிசாகப் பெரிசாக உள்ளுக்க வாற டெஸ்டுகளில சிலது சுகமான ஆக்களுக்குச் செய்யிறதுக்கு உண்டாக்கினதே இல்லை. சிஏ125, சிஇஏ எண்டுற "கான்சர் மார்க்கர்" அப்பிடி. சிஏ125 மாதவிலக்கிலயும் கூடும், கர்ப்பத்திலயும் கூடும். சிஇஏ சிகரெட் பத்துற ஆக்களுக்குக் கூடும். இதுகளின்ர முக்கியமான பாவனை, ஏற்கனவே கண்டுபிடிச்ச கான்சர் சிகிச்சைக்குக் குறையுதா எண்டு பின்தொடர.

கணக்கு இப்பிடி. 1000 பேரில ஒராளுக்கு இருக்கிற ஒரு வருத்தம். டெஸ்ட் அந்த ஒராளைக் கட்டாயம் பிடிக்கும், ஆனா வருத்தம் இல்லாத ஆக்களில 5 வீதத்துக்கு பிழையா "இருக்கு" எண்டு சொல்லும். 1000 பேருக்கும் செய்தா 51 பேருக்கு இருக்கு எண்டு வரும், அதில உண்மை ஒண்டு, மற்ற 50 பேரும் சும்மா செத்துப் பிழைச்ச ஆக்கள். அதே டெஸ்டை அறிகுறி இருக்கிற 10 பேருக்கு டொக்டர் எழுதினா அந்த "இருக்கு" எண்டுறதுக்குப் பெறுமதி முழுக்க வேற. மெஷினும் அதேதான், ரியூப்பும் அதேதான், கேள்வி இருந்ததா இல்லையா எண்டுறதுதான் வித்தியாசம்.

பிஎஸ்ஏ எண்டு ஆம்பிளையளின்ர சுக்கிலச் சுரப்பிக்கு ஒண்டு வரும். சலத்தில கிருமி இருந்தாலும் கூடும், சைக்கிள் ஓட்டினாலும் கூடலாம் எண்டு ரெண்டு நாளைக்கு முதலே ஓட வேண்டாம் எண்டு இங்கிலாந்தில சொல்லினம். 65 வயசிலயும் சைக்கிளில சந்தைக்குப் போற எங்கட அப்பாமாருக்கு இதை ஆர் சொல்லுறது.

தைரொயிட்டிலதான் கூடக் காசு கரையுது. டிஎஸ்எச் 5.6, கோடு 4க்குக் கிட்ட, சிவப்பு. அடுத்தது கழுத்து ஸ்கான், ஸ்கானில ஒரு சின்னக் கட்டி, அது வயசான ஆக்களில தேடினாத் தேடின இடமெல்லாம் கிடக்கும், பேந்து ஊசி விட்டுப் பாக்கிறது, பேந்து ஒப்பரேசன் கதை. தென் கொரியாவில கான்சர் ஸ்கிரீனிங்கோட கழுத்து ஸ்கானும் சேர்த்துப் பழகினதில, 2011 வரேக்க தைரொயிட் கான்சர் எண்டு கண்டுபிடிக்கிறது 1993இல இருந்ததிலும் 15 மடங்கு. செத்த ஆக்களின்ர எண்ணிக்கை அப்பிடியே, கூடவும் இல்லை குறையவும் இல்லை. டிஎஸ்எச் கொஞ்சம் கூடின, 65 வயசு தாண்டின 737 பேருக்கு தைரொயிட் குளிசையும் வெறும் குளிசையும் பிரிச்சுக் குடுத்து 2017இல ஒரு ஆராய்ச்சி வந்தது, களைப்பும் மற்ற அறிகுறியளும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. அம்மாக்கு 68 வயசு, டிஎஸ்எச் 5.6 எண்டா பொறுத்து திரும்பப் பாக்கிறதுதான் முதல் வேலை. கர்ப்பிணிப் பெண்ணுக்கு அதே 5.6 எண்டா பொறுக்கேலாது, உடன டொக்டர்.

விற்றமின் டி பற்றியும் சுருக்கமா. கோடு 20இலயா 30இலயா எண்டே நிபுணர்களுக்குள்ள பிடுங்குப்பாடு. அமெரிக்காவில 25,871 பேருக்குச் செய்த வைட்டல் ஆராய்ச்சியில தினம் 2000 யூனிட் குடுத்தும் கான்சரோ மாரடைப்போ எலும்பு முறிவோ குறையேல்ல. சுகமான ஆக்களுக்கு இதைச் சும்மா அளக்கத் தேவையில்லை எண்டு 2024இல அங்கத்தை ஹோமோன் டொக்டர்மாரின்ர சங்கமே சொல்லிப்போட்டுது.

## அப்ப செக்கப்பால சுகம் கூடுதா

சும்மா எல்லாரையும் கூப்பிட்டுச் செக்கப் செய்தா பலன் இருக்கா எண்டு பாத்த 15 ஆராய்ச்சியளை, ரெண்டரை லட்சம் பேருக்கு மேல, கொக்ரேன் எண்ட குழு 2019இல சேர்த்துப் பாத்தது. மொத்தச் சாவில வித்தியாசம் இல்லை எண்டுற அளவுதான். டென்மார்க்கில 60,000 பேரளவில வைச்சு, அதில ஒரு பகுதியைக் கூப்பிட்டு சோதிச்சு அறிவுரையும் சொல்லி 10 வருசம் பின்தொடர்ந்தும் இதய வருத்தம் குறையேல்ல.

இதை இங்க அப்பிடியே கொண்டுவந்து "டெஸ்டே வேண்டாம்" எண்டு சொல்லேலாது எண்டது என்ர அபிப்பிராயம். டென்மார்க்கில குடும்ப டொக்டர் வழமையாவே ஆளைப் பாத்துக்கொண்டிருப்பார், இங்க கால் புண் மாறாம பெரியாஸ்பத்திரிக்கு வரேக்கதான் சீனி 300 எண்டு முதன்முதலாத் தெரியிற ஆக்கள் இருக்கினம். தேவை குறைஞ்ச டெஸ்ட், ஆனா சரியான டெஸ்ட்.

1. பிறசர். ரத்தமே எடுக்கத் தேவையில்லை, அதால எந்தப் பக்கேஜிலயும் வடிவா இல்லை. பாரிசவாதத்துக்கு முன்னணிக் காரணம் இதுதான், சிறுநீரகம் பழுதாகிறதுக்கும் முக்கிய காரணங்களில ஒண்டு.
2. வெறும் வயித்துச் சீனி அல்லது எச்பிஏ1சி. ஒருக்கா கூடினா இன்னொரு நாள் திரும்ப எடுத்து உறுதிப்படுத்தோணும்.
3. கொலஸ்ட்ரோல். தனிய இலக்கத்தைப் பாக்கிறதில்லை, வயசு, சிகரெட், பிறசர், சீனி எல்லாம் சேர்த்து 10 வருசத்துக்குள்ள மாரடைப்போ பாரிசவாதமோ வாற ஆபத்து எத்தனை எண்டு உலக சுகாதார நிறுவனத்தின்ர அட்டவணையில பாப்பினம்.
4. சீனியோ பிறசரோ இருக்கிற ஆக்களுக்கு கிரியேட்டினினும், சலத்தில அல்புமின் எண்டுற புரதமும். ரெண்டாவதைக் கட்டாயம் கேளுங்கோ, சிறுநீரகம் பழுதாகத் தொடங்கிறதை கிரியேட்டினினுக்கு முதல் அதுதான் காட்டும்.
5. சைவக்காரருக்கும், சீனிக்கு வருசக்கணக்கா மெற்ஃபோமின் குளிசை போடுற ஆக்களுக்கும் கால் விறைச்சா பி12. முட்டையும் தொடாத ஆக்கள் எங்கட ஊரில கனபேர், இது உண்மையிலயே குறையும்.
6. மாதவிலக்குக் கூடிக் களைச்சுப்போற பெண்களுக்கு ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும்.

முதல் ரெண்டுக்கும் காசே தேவையில்லை. 2011இல இருந்து சுகாதார அமைச்சு நடத்துற ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர் ஆஸ்பத்திரியளில இருக்கு, 35 வயசு தாண்டின ஆக்களுக்கு உயரம் நிறை, பிறசர், சீனி பாத்து அந்த அட்டவணையும் போட்டுத் தருவினம். பெண்களுக்கு எம்ஓஎச் எண்டுற சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளில வெல் வுமன் கிளினிக், 1996இல இருந்து நடக்குது, 35 வயசில கர்ப்பப்பை வாய்க் கான்சருக்கான சோதனை அதில செய்வினம். 60 டெஸ்ட் பக்கேஜில அந்த ஒண்டு இல்லை, ரத்தத்தில அதைப் பாக்கேலாது. வரிசையில நிக்கோணும், காலமை வேளைக்குப் போகோணும், அதுதான் சனம் காசு குடுத்து மோட்டச்சைக்கிள் பெடியனைக் கூப்பிடுறதுக்குக் காரணம், அதையும் விளங்கிக்கொள்ளலாம்.

## எடுக்கத்தான் போறியள் எண்டா

தனியார் லாப் எண்டா 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ பதிவு இருக்கோணும். அதுக்கு மேல இலங்கை தராதர அங்கீகாரச் சபை ஐஎஸ்ஓ 15189 எண்ட தரச்சான்று குடுக்குது, ஆனா அது லாப்பில இருக்கிற எல்லா டெஸ்டுக்கும் எண்டில்லை, குறிப்பிட்ட டெஸ்டுகளுக்குத்தான், உங்கட டெஸ்ட் அந்தப் பட்டியலில இருக்கா எண்டு கேளுங்கோ. விரல்ல ஒரு துளி குத்தி நூற்றுக்கணக்கான டெஸ்ட் எண்டு ஆரும் சொன்னா தெரனோஸை ஞாபகம் வையுங்கோ, 2003இல தொடங்கி 9 பில்லியன் டொலர் பெறுமதி எண்டு நிண்ட கம்பனி, 2015இல குட்டு வெளிச்சு, 2022இல அதைத் தொடங்கின எலிசபெத் ஹோம்ஸுக்கு 11 வருசத்துக்கு மேல சிறை.

சிவப்பைப் பாத்திட்டு தானா குளிசை தொடங்கிறதும் நிப்பாட்டுறதும் வேண்டாம், அதைவிட "நோர்மல் வந்திட்டுது" எண்டு பிறசர்க் குளிசையை நிப்பாட்டுற ஆக்கள் கூட, குளிசை போட்டதாலதான் நோர்மல். திரும்ப எடுக்கிறதுக்கும் இடைவெளி இருக்கு: எச்பிஏ1சியை 3 மாசத்துக்கு முதல் எடுத்துப் பிரயோசனம் இல்லை, தைரொயிட் குளிசையை மாத்தினா 6 இல இருந்து 8 கிழமை.

டொக்டரைச் சனல் பண்ணிப் போகேக்க புதுப் பிடிஎஃப்போட மட்டும் போகாதேங்கோ. அலுமாரிக்குள்ள பொலித்தீன் பையில கட்டி வைச்சிருக்கிற பழைய ரிப்போர்ட்டுகளும் கிளினிக் கொப்பியும் வேணும். கிரியேட்டினின் 1.3 எண்டு இண்டைக்குச் சிவப்பில நிக்குது, 2019இலயும் 1.3 எண்டா டொக்டர் கண்ணாடியைக் கழட்டி வைச்சிட்டு வேற கதை கேப்பார். 2019இல 0.8 எண்டிருந்தா, மற்ற ஆறு சிவப்பையும் தள்ளி வைச்சிட்டு இதைத்தான் பாப்பார்.